நண்டு, மீன், தேனீ, பசு: யாருக்கெல்லாம் வலிக்கும்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருஷம் ஆடு மாடுகளுக்கு ஊசி போட்டு, பிரசவம் பார்த்தவன் நான். அதனால்தான் இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, பசாரில் வாங்கிய நண்டை உயிரோடு கொதிதண்ணீரில் போட்டால் துடிக்கிறது. அது வலியா, வெறும் உடம்பு அசைவா?

பதில்: துடிப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதும்மா. அடுப்பில் பட்ட விரலை, வலி தெரியும் முன்பே நாமும் இழுத்துவிடுகிறோம். பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்கு லேசாக கரண்ட் கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை அதிகமாக வெளியேறின, பிடித்த சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருந்தன. வெறும் அனிச்சைச் செயல் என்றால் வீடு நல்ல வீடா என்று ஏன் பார்க்க வேண்டும்? எனக்கு இது போதும். பிரிட்டனில் 2022இல் வந்த விலங்கு நலச் சட்டம் நண்டு, இறால், கணவாயையும் உணர்வுள்ளவை என்று சேர்த்துக்கொண்டது. நீங்கள் நண்டை ஐஸில் நன்றாகப் புதைத்து வையுங்கள், அசைவு முழுக்க நின்ற பிறகு சட்டென்று வெட்டிவிட்டு அப்புறம் சமையுங்கள்.

கேள்வி: மீன் வாயில் உணர்ச்சி இல்லை, தூண்டில் வலிக்காது என்கிறார்களே?

பதில்: தப்பு தம்பி. லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் டிரவுட் மீன்களின் உதட்டில் வினிகரில் உள்ள அமிலத்தை ஏற்றியபோது, அவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, இரையைத் தொட வெகுநேரம் ஆனது. மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது.

கேள்வி: பூச்சிக்கு?

பதில்: இங்கேதான் சிக்கல். கும்பிடுபூச்சி ஒரு வெட்டுக்கிளியைத் தின்னும்போதே அந்த வெட்டுக்கிளி இலையைத் தின்றுகொண்டிருக்கும், வலியே இல்லாதது போல. ஆனால் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் வண்டுத்தேனீக்கள், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கிடைக்காவிட்டாலும் சின்னப் பந்துகளைத் திரும்பத் திரும்ப உருட்டின, விளையாடுவது போல. அப்படியென்றால் அவற்றுக்கும் ஏதோ உணர்வு இருக்கலாம். ஏடிஸ் கொசுவை அடியுங்கள், டிங்கி வரவிடக் கூடாது. தேன்கூட்டை மட்டும் கொளுத்தாதீர்கள்.

கேள்வி: கன்றை விற்றதும் எங்கள் பசு மூன்று நாளாகக் கத்துகிறது ஐயா. பாசமா, பால் கட்டியதாலா?

பதில்: இரண்டும்தான். பால் கறந்து மடி வற்றிய பிறகும் கன்று கட்டியிருந்த முளைக்குச்சியை மோந்துகொண்டே நின்ற பசுவை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பால் கட்டு என்று எப்படிச் சொல்வது? அடுத்த முறை விற்பதற்கு ஒரு வாரம் முன்பே வேலிக்கு அந்தப் பக்கம் கன்றையும் இந்தப் பக்கம் தாயையும் விடுங்கள். பால் குடிக்க முடியாது, ஆனால் முகம் பார்க்கலாம், மூக்கை உரசலாம். அப்படிப் பிரித்தால் இரண்டும் கத்துவது நன்றாகவே குறையும்.