பழைய ஓவியத்தைப் பகிர்ந்ததற்குப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: அறிவியல், வரலாறு, தொல்லியல் என்று படிப்பதில் சுவையானவற்றைச் சுருக்கி என் முகநூல் பக்கத்தில் பகிர்ந்து வருகிறேன். வருமானம் எதுவும் இல்லை. சென்ற மாதம் ஓர் ஆய்வுக் கட்டுரையின் பிடிஎஃப் கோப்பையும் அதிலிருந்த வரைபடத்தையும் போட்டேன். இன்னொரு பதிவில் முந்நூறு ஆண்டு பழைய ஓவியம் ஒன்றின் படம். இப்போது அந்த ஓவியப் படத்துக்கு உரிமத்தொகை கட்டச் சொல்லி ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதினான்கு நாள் கெடுவாம். கட்டிவிட்டு இத்தோடு பகிர்வதையே நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பகிர்வதை நிறுத்துவதற்கோ ஒரு முகாந்திரமும் இல்லை.

ஆய்வில் என்ன கண்டுபிடித்தார்கள் என்கிற செய்தி யாருக்கும் சொந்தமில்லை. ஒரு கல்வெட்டின் காலம், ஒரு கோளின் எடை, ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் என்கிற விவரம், இவற்றுக்கெல்லாம் யாரும் பட்டா வாங்கிவைக்க முடியாது. பதிப்புரிமை என்பது எழுதிய வாக்கியங்களுக்கும் வரைந்த படத்துக்கும் எடுத்த புகைப்படத்துக்கும்தான். ஆகவே படித்துப் புரிந்துகொண்டு உங்கள் நடையில் எழுதும்வரை உங்களை யாரும் அசைக்க முடியாது. கட்டுரையை அப்படியே தமிழாக்கிப் போடுவது வேறு கதை. மொழிபெயர்க்கும் உரிமையும் மூலத்தின் உரிமையாளரிடம்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தாலும் அப்படித்தான்.

'வருமானம் இல்லை' என்பதைக் கேடயமாக நினைக்காதீர்கள். வழக்கென்று வந்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் அது ஒன்றே காப்பாற்றாது. அதைவிட மோசம், படத்துக்குக் கீழே 'நன்றி: கூகுள்' என்று போடுவது. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எடுத்தவர் யாரென்று தேடவே இல்லை என்று நீங்களே கைப்பட எழுதிக் கொடுப்பது போல அது.

இனி அந்த பிடிஎஃப். அதை எடுத்துவிட்டு டிஓஐ இணைப்பைப் போடுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் '10.' என்று தொடங்கும் நீளமான எண் ஒன்று இருக்கும். அதுதான் டிஓஐ. இதழின் இணையதளம் மாறினாலும், பதிப்பகமே கைமாறினாலும், புதிய முகவரியைப் பதிந்துவைப்பது பதிப்பகத்தின் பொறுப்பு, அதனால் அந்த எண் கட்டுரையிடம் கொண்டுபோய் விடும். சட்டச் சிக்கல் தீர்வதோடு இன்னொரு ஆதாயமும் உண்டு. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட, வேக்ஃபீல்டு என்ற மருத்துவரின் கட்டுரை 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்று இதழின் பக்கத்துக்குப் போனால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று பெரிதாகப் போட்டிருக்கும். 2005இல் இறக்கிவைத்த பிடிஎஃப்பில் அந்த வரி இருக்காது. அதைப் பகிர்கிறவர் பொய் என்று தெரியாமலே பொய்யைப் பரப்புவார்.

'இணைப்பைச் சொடுக்கினால் பணம் கேட்கிறதே' என்பீர்கள். கேட்கும். ஆய்வுக்குப் பணம் பெரும்பாலும் பொதுமக்களின் வரியிலிருந்து வருகிறது. எழுதியவருக்குச் சம்பளம் பதிப்பகம் தருவதில்லை. சரிபார்த்த சக ஆய்வாளர்கள் பெரும்பாலும் சும்மா செய்து கொடுத்தவர்கள். கடைசியில் பதிப்பகம் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, அதே மக்களிடம் படிக்கக் கட்டணம் கேட்கிறது. நீங்கள் கட்டும் தொகையில் ஆய்வாளருக்கு ஒரு பைசா போகாது. இந்த ஏற்பாட்டுக்கு எந்தக் காலத்தில் விடிவு வருமோ! அதுவரை உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. அன்பேவால் என்கிற இலவச உலாவி நீட்சியை நிறுவினால், அதே கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால் காட்டிவிடும். இல்லையென்றால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். கட்டுரையைக் கேட்டு ஒருவர் எழுதினார் என்றாலே பலருக்கு மகிழ்ச்சி, அனுப்பிவிடுவார்கள். அது நீங்கள் படிப்பதற்கு. பக்கத்தில் ஏற்றுவதற்கு அல்ல.

வரைபடம். கட்டுரையின் முதல் பக்க அடியிலோ கடைசியிலோ உரிம வரி இருக்கும். அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறர் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி), 'சிசி பை' என்றிருந்தால் ஆசிரியர் பெயர், கட்டுரையின் இணைப்பு, உரிமத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டுத் தாராளமாகப் பகிரலாம். நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கட்டுரை சிசி பை என்பதால் அதற்குள் இருக்கும் எல்லாப் படமும் சிசி பை ஆகிவிடாது. ஆய்வாளர் வேறொருவரின் வரைபடத்தையோ, அருங்காட்சியகம் தந்த புகைப்படத்தையோ அனுமதி வாங்கிச் சேர்த்திருப்பார். அனுமதி அவருக்கு, அந்தக் கட்டுரைக்கு மட்டும். உங்களுக்கு அது பொருந்தாது. கண்டுபிடிப்பது எப்படி? படத்துக்குக் கீழே இருக்கும் விளக்கத்தைக் கடைசிச் சொல்வரை படியுங்கள். 'இன்னாரின் அனுமதியுடன்' என்றோ, வேறொருவரின் பெயரோடு பதிப்புரிமைக் குறியோ இருந்தால் அந்தப் படத்தைத் தொடாதீர்கள். ஒரே படத்தில் அ, ஆ, இ என்று மூன்று பகுதிகள் இருந்து, ஆ மட்டும் வெளியார் படமாகவும் இருக்கலாம். அப்போது அ, இ மட்டும் வெட்டி எடுங்கள், வெட்டியதைச் சொல்லுங்கள். தொல்லியல், கலை வரலாற்றுக் கட்டுரைகளில் இது மிகச் சாதாரணம். ஐயமாக இருந்தால், கட்டுரையில் உள்ள எண்களை எடுத்து நீங்களே புதிதாக ஒரு வரைபடம் போடுங்கள். எண்களும் செய்திதான், அவற்றுக்கு உரிமையாளர் கிடையாது.

சரி, அந்த மின்னஞ்சல். இணையம் முழுக்க மென்பொருளை மேயவிட்டு, ஒத்த படம் கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் கடிதம் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். நியாயமாகப் புகைப்படக்காரருக்காக வசூலிப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் மென்பொருளுக்கு உரிமை யாருடையது என்று தெரியாது. கேரல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் ஆயிரக்கணக்கான படங்களை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தவர். அவருடைய அறக்கட்டளையின் இணையதளத்தில் அவரே எடுத்த படம் இருந்ததற்கு 120 டாலர் கட்டச் சொல்லி அவருக்கே கடிதம் வந்தது. 2016இல் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அவர் கேட்டது தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் இதிலிருந்து ஒன்று தெரிகிறது: கடிதம் வந்துவிட்டதாலேயே அனுப்பியவரிடம் உரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முந்நூறு ஆண்டு பழைய ஓவியத்தின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. தட்டையான ஓவியத்தை அச்சு அசலாகப் படமெடுத்தால் அந்தப் புகைப்படத்துக்குப் புது உரிமை பிறக்காது என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உத்தரவும் இதையே சொல்கிறது. சிலையைப் படமெடுத்தால் கதை வேறு. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஓவியங்களை மூலத்திலிருந்தே எடுங்கள். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் தாராளம்தான்.

மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். படத்தைத் தற்காலிகமாக இறக்கிவிட்டு, பதிவின் திரைப்பிடிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்குவதால் தப்பை ஒப்புக்கொண்டதாகாது. பிறகு நான்கே கேள்விகள் எழுதிக் கேளுங்கள்: உரிமை கோருவது ஓவியத்துக்கா புகைப்படத்துக்கா, உரிமையாளர் யார், அவர் சார்பில் வசூலிக்க உங்களுக்கு அதிகாரம் தந்த ஆவணம் எங்கே, கேட்கும் தொகையை எந்தக் கணக்கில் போட்டீர்கள். மன்னிப்பு, விளக்கம், குடும்பக் கஷ்டம் எதையும் அதில் எழுத வேண்டாம். ஆவணத்தோடு பதில் வந்தால் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள். நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அன்றே வழக்கறிஞரிடம் போய்விடுங்கள். மறுபடியும் அதே மிரட்டல் கடிதம், தேதி மட்டும் மாறி வந்தால், கேட்ட நான்கு கேள்விகளையே திருப்பி அனுப்புங்கள்.