வாசகர் கேள்வி: இன்ஃப்ளேமபிள் பற்றுமா, பற்றாதா?

கேள்வி: கீழவாசல் பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்பெனி தின்னர் டின்னில் 'ஃப்ளேமபிள்' என்று போட்டிருக்கிறது, வேறு கம்பெனி டின்னில் 'இன்ஃப்ளேமபிள்'. 'இன்' சேர்ந்தால் எதிர்ப்பதம், அதனால் இரண்டாவது பற்றாது என்று சொல்லி, கடைப் பையன் அதைக் கொண்டுபோய் சாமி படத்துக்குக் கீழே, விளக்கு எரிகிற இடத்தில் அடுக்கிவிட்டான். அவன் பன்னிரண்டாவது முடித்தவன், நான் எட்டோடு நின்றவன், அடித்துப் பேச முடியவில்லை. எது சரி?
— பெயின்ட் கடைக்காரர், மதுரை

பதில்: அண்ணாச்சி, முதலில் போய் அந்த டின்களை நகர்த்திவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே எளிதில் தீப்பற்றும்.

பையனைத் திட்ட வேண்டாம், கரெக்ட் – இன்கரெக்ட், டைரக்ட் – இன்டைரக்ட் என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டதை வைத்து அவன் போட்ட கணக்கு நியாயமானதுதான். ஆனால் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது ஒரு 'இன்' அல்ல, இரண்டு. ஒன்று மறுக்கும். இன்னொன்றுக்கு 'உள்ளே' என்று பொருள், அது மறுப்பதே இல்லை. நம் ஊரில் 'அ' இருக்கிறதே, அநீதியில் மறுக்கிறது, அலங்காரத்தில் மறுக்கிறதா என்ன? தீ மூட்டுவதற்கு லத்தீனில் இன்ஃப்ளம்மாரே என்று ஒரு வினைச்சொல் உண்டு, அதன் வழியாக வந்ததுதான் இன்ஃப்ளேமபிள், அதாவது மூட்டினால் மூண்டுவிடும். மூட்டு சிவந்து வீங்கி எரிகிறது என்று போனால் டாக்டர் 'இன்ஃப்ளமேஷன்' என்பார், மேடையில் கலவரத்தைத் தூண்டுகிற மாதிரிப் பேசினால் பத்திரிகைக்காரர்கள் 'இன்ஃப்ளமேட்டரி ஸ்பீச்' என்பார்கள். எல்லாம் அந்தக் குடும்பம்தான். எங்கேயும் தீ அணையவில்லை பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால் இன்ஃப்ளேமபிள்தான் மூத்தது. ஃப்ளேமபிள் 19-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய சொல், அதுவும் ரொம்ப நாள் யாரும் சீந்தாமல் கிடந்தது. உங்கள் பையனைப் போலவே அங்கேயும் ஆட்கள் தப்பாகப் படித்துவிடுவார்களே என்று பயந்து, 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இனி ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. 1959-இல் பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் அதையே சொன்னது. நம் நாட்டிலோ டேங்கர் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கப்பலூர் டோல்கேட்டில் கொஞ்ச நேரம் நின்றால் நீங்களே பார்க்கலாம். அந்த எழுத்தைவிட்டுப் பக்கத்தில் உள்ள சிவப்பு டைமண்டைப் பாருங்கள், உள்ளே தீச்சுவாலைப் படம், அடியில் 3 என்று எண், அப்படியென்றால் தீப்பற்றும் திரவம். கூடவே 1203 என்று இருந்தால் பெட்ரோல், 1202 என்றால் டீசல். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஏற்பாடு, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

உங்கள் தின்னருக்கு வருவோம். எரிவது திரவம் இல்லை, அதிலிருந்து கிளம்புகிற ஆவி. எத்தனை டிகிரியில் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பும் என்பதைத் தீப்பற்றுநிலை என்கிறார்கள். தின்னரில் கலக்கிற டோலுயீனுக்கு அது வெறும் 4 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியற்காலையில்கூட மதுரை அவ்வளவு குளிராது, அப்புறம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். அதனால் உங்கள் கடையில் அது எந்நேரமும் தயார் நிலையில்தான் இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு ஊர்ந்துபோகும், மூடி சரியாக இறுகாத ஒரு டின் போதும், கடையின் அந்தக் கோடியில் பீடி பற்றவைக்கிறவரைத் தேடிப் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், காலி டின்களை எங்கே போடுகிறீர்கள்? பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒரு மொழியியல் அறிஞர், அமெரிக்காவில் ஒரு தீக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெட்ரோல் நிறைந்த டிரம்களுக்குப் பக்கத்தில் பயந்து நடமாடுகிற ஆட்கள், 'காலி' என்று எழுதிய டிரம்களுக்குப் பக்கத்தில் சிகரெட் துண்டை வீசுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். உள்ளே திரவம்தான் காலி, ஆவி அப்படியே காற்றோடு கலந்து நிற்கும், நிறைந்த டிரம்மைவிட அதுதான் ஆபத்து. பழைய இரும்புக்காரர் வருகிறவரை வாசலில் போட்டுவைக்கிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடையில் போர்டு வைப்பதானால் தமிழில் 'எளிதில் தீப்பற்றும்' என்று பெரிதாக எழுதுங்கள், ஆங்கிலமும் வேண்டுமென்றால் ஃப்ளேமபிள் போதும். பற்றாத பொருளுக்கு நான்-ஃப்ளேமபிள்.

கேள்வி: தலைமையாசிரியை ஓய்வு பெறும் விழாவில் அவருடைய சேவை 'இன்வேல்யுவபிள்' என்று பேசினேன். மதிப்பில்லாதது என்று சொல்லிவிட்டாயே எனத் தோழிகள் கிண்டல் செய்கிறார்கள்.
— பிளஸ் டூ மாணவி, உசிலம்பட்டி

பதில்: நீ பேசியது சரிதான்மா. இங்கே 'இன்' மறுக்கத்தான் செய்கிறது, ஆனால் மறுப்பது மதிப்பை அல்ல, மதிப்புப் போட முடிவதை. விலைமதிக்க முடியாதது என்று அர்த்தம். மதிப்பே இல்லாததற்கு 'வேல்யுலெஸ்' அல்லது 'வொர்த்லெஸ்'. கிண்டல் செய்தவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: எங்கள் தெருவில் காதுகுத்துக்கு வைத்த பிளெக்ஸில் தாய்மாமனை 'இன்ஃபேமஸ் பெர்சனாலிட்டி' என்று போட்டிருக்கிறார்கள். ஃபேமஸைவிட ஒரு படி மேல் என்கிறார் டிசைனர். அப்படியா?
— மேலூர் வாசகர்

பதில்: ஒரு படி மேல் இல்லை, பல படி கீழ். கெட்ட பேர் எடுத்தவர், ஊரே முகம் சுளிக்கிற ஆள் என்று அர்த்தம், கொள்ளைக்காரனுக்கும் கொலைகாரனுக்கும் போடுகிற அடைமொழி. சீர்வரிசையோடு மாமா வந்து இறங்குவதற்குள் கழற்றச் சொல்லுங்கள், கழற்ற நேரமில்லை என்றால் அந்த இரண்டு எழுத்தின் மேல் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கராவது ஒட்டச் சொல்லுங்கள்.