தென்காசிப் பக்கம் ஷூட்டிங் இடங்கள், அம்மாவோடு பஸ்ஸில்

ஆடியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் பஸ்ஸிலேயே அந்நியன் பாறை, பாணதீர்த்த அருவி ரெண்டும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாணதீர்த்தத்தை விட்டுவிடுங்கள் தம்பி, அது காரையார் அணைக்கு மேலே புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை விட்டால்தான் உண்டு, அதிலும் ஆடி அமாவாசை சமயம் என்றால் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம் வேறு.

பேசாமல் தென்காசியில் தங்கி விடிந்ததும் அந்நியன் பாறை இருக்கிற சுந்தரபாண்டியபுரம் போங்கள். 2005-இல் வந்த அந்நியன் படத்துக்காகப் பாறையில் வரைந்த முகங்கள் வெயிலிலும் மழையிலும் மங்கிப்போய்விட்டன, நிழலும் கிடையாது, அம்மாவுக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கென்னவோ பாறையைவிட அங்கேயுள்ள சூரியகாந்தி வயல்தான் பிடிக்கும். நன்றாக விரிந்த பூ கிழக்கே பார்த்துத்தான் நிற்கும், அதனால் காலையில்தான் போட்டோ எடுக்க வேண்டும். வரப்போடு நின்றுகொள்ளுங்கள், செல்ஃபிக்காக உள்ளே இறங்கிச் செடியை மிதித்தால் வயல்கார சம்சாரி சத்தம் போடத்தான் செய்வார். அப்புறம், பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பிடித்து, காத்திருப்புக்கும் சேர்த்து முதலிலேயே ரேட் பேசிவிடுங்கள்.