ஊட்டிக்குக் கட்டிய பணமும் சின்னவனின் காய்ச்சலும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. வீட்டுக்காரர் தனியார் பள்ளியில் ஆசிரியர், சம்பளம் 34,000. நான் வீட்டிலேயே தைக்கிறேன், மாதம் ஆறாயிரம் தேறும். ஆறு மா நிலம் உண்டு. ஒன்றரை வருடமாக மாதம் 2,000 ஒதுக்கி, இந்த மே மாதம் பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தோம். ரூமுக்கு 13,500, காருக்கு அட்வான்ஸ் 4,000, ரயில் டிக்கெட் 2,600 எல்லாம் முன்பே கட்டியாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நாலு வயதுச் சின்னவனுக்கு 101 டிகிரி காய்ச்சல். டாக்டர் ரெண்டு நாள் பார்க்கலாம் என்றார். கட்டிய 20,100 ரூபாய் வீணாகிவிடுமே என்று, சிரப்பைக் கொடுத்துக்கொண்டே செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம். ஊட்டியில் இரண்டாம் நாள் ராத்திரி 103, விடாத வாந்தி. தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி இருந்தோம். பில் 31,400. கிரெடிட் கார்டில் தேய்த்தோம். ரயிலில் கூட்டிவர பயந்து தனிக் கார் பிடித்ததில் 9,000. கையிலிருந்தது அதோடு தீர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியவளுக்கும் அதே காய்ச்சல்.

இப்போது கார்டு பணத்தை எப்படி அடைப்பது? குறுவைக்கென்று வைத்திருக்கும் 28,000ஐ எடுக்கலாமா, என் செயினை வைக்கலாமா? அடுத்த முறை டிராவல் இன்சூரன்ஸ் போட வேண்டுமா? மாமியார், "அப்பவே சகுனம் சரியில்லைன்னு சொன்னேன், இனிமே எங்கேயும் போக வேண்டாம்" என்கிறார். மாதாமாதம் 2,000 ஒதுக்குவதை நிறுத்திவிடலாமா? இரண்டு வருடம் முன்பு பாங்கில் சொன்னார்கள் என்று நாலு பேர் பெயரிலும் 5 லட்சத்துக்கு ஒரு ஹெல்த் பாலிசி எடுத்தோம். அது ஆபரேஷனுக்கும், நம்மூர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும்தானே?

- பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முதலில் அதைப் பேசுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த பாலிசி ஆபரேஷனுக்கு மட்டும் உள்ளதல்ல, நம்மூருக்கு மட்டும் உள்ளதும் அல்ல. சாதாரணமாக ஒரு குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி, அதாவது ஒரே காப்புத் தொகையைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் பாலிசி, இந்தியா முழுக்கச் செல்லும். நோயாளியாக 24 மணி நேரத்துக்குக் குறையாமல் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை நிபந்தனை. உங்கள் பையன் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறான். புது பாலிசிக்கு உள்ள 30 நாள் காத்திருப்புக் காலம் உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. சேர்த்த அன்றே அட்டையை நீட்டியிருந்தால் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, கிடைத்திருக்கும் வாய்ப்பு உண்டு. போகட்டும், பணத்தை நீங்கள் கட்டிவிட்டதால் உரிமை போய்விடவில்லை. ரீஇம்பர்ஸ்மென்ட் என்று கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 முதல் 30 நாளுக்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். அதனால் இதைப் படித்து முடித்ததும் பாலிசி அட்டையில் உள்ள கட்டணமில்லா எண்ணுக்குப் பேசித் தகவலைப் பதிவு செய்யுங்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். வெளியூர், பிள்ளைக்கு வாந்தி, தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். நியாயமான கிளெய்மைத் தாமதத்தை மட்டும் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011லேயே சொல்லியிருக்கிறது.

காகிதங்களில் டிஸ்சார்ஜ் சம்மரிதான் உயிர், என்ன நோய், என்ன சிகிச்சை என்று வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி தரும் சீட்டு அது. அதோடு, எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டோடு மருந்துக்கடை பில்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ரத்து செய்த காசோலை ஒன்று. கிளெய்ம் படிவத்தில் இரண்டு பகுதி இருக்கும். முதல் பகுதி நீங்கள் நிரப்புவது. இரண்டாவதை ஆஸ்பத்திரி நிரப்பி முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதற்காக ஊட்டிக்கு ஓட வேண்டாம். ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவுக்குப் போன் போட்டு, படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நிரப்பிய அசலைக் கூரியரில் வாங்குங்கள். ஆஸ்பத்திரியின் பதிவுச் சான்றிதழ் நகலையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டு அலைய வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் அசலை அனுப்ப வேண்டும்.

31,400 முழுதாக வராது. கையுறை, டயப்பர், கூட இருந்தவர் சாப்பாடு மாதிரி சில்லறைகளைக் கழிப்பார்கள். அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாலிசியில் பாருங்கள். காப்புத் தொகையில் ஒரு சதவீதம் என்று இருந்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு 5,000. அதற்கு மேல் வாடகையுள்ள அறையில் இருந்திருந்தால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணத்திலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மறுபக்கம், நீங்கள் எதிர்பாராத ஒன்றும் கிடைக்கலாம். சேர்ப்பதற்கு 30 நாள் முன்பும் வீடு திரும்பி 60 நாள் வரையும் அதே நோய்க்கு ஆகும் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. கிளம்பும் முன் மன்னார்குடியில் டாக்டரைப் பார்த்தீர்களே, அந்தச் சீட்டையும் தேடி எடுங்கள். பெரியவளுக்கு ஆன செலவு மட்டும் வராது, அவளைச் சேர்க்கவில்லையே. ஒருவேளை மறுத்துவிட்டால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கு மேல் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசா இணையதளம், அதற்கும் மேல் சென்னையில் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். ஆம்புட்ஸ்மேனிடம் போக ஒரு காசு கட்டணம் கிடையாது.

சரி, கார்டுக்கு வருவோம். பணம் வரும்போது வரட்டும், கெடு தேதி காத்திருக்காது. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால் 31,400க்கு 1,099 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,297. 'மினிமம் டியூ', அதாவது இந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, என்று 1,570 காட்டுவார்கள். அதைக் கட்டினால் அசலில் குறைவது 273 ரூபாய். அத்தோடு, பாக்கி வைத்திருக்கும் வரை அந்தக் கார்டில் புதிதாக ஒரு கிலோ சர்க்கரை வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஆக, மினிமம் டியூ என்ற சொல்லை மறந்துவிடுங்கள்.

செயினை வைக்கலாம். வட்டிக்கடையில் வேண்டாம், பாங்கிலோ உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால்கூட மாதம் 262 ரூபாய்தான் வட்டி. கார்டுக்கு அதே கடனுக்கு 1,297. வித்தியாசத்தைப் பாருங்கள். கெடு தேதிக்கு முன்பே கார்டை முழுதாக அடைத்துவிட்டு, கிளெய்ம் பணம் வந்ததும் நகையை மீட்டுவிடலாம்.

குறுவைப் பணத்தை ஏன் தொடச் சொல்லவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். கணக்கு வாத்தியாராக இருந்தால் கட்டாயம் கேட்பார். சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குக் கிடக்கும் பணத்தை வைத்துக்கொண்டு பத்து சதவீதத்துக்குக் கடன் வாங்குவது காகிதத்தில் தப்புதான். ஆனால் ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், உழவும் விதையும் யாருக்காகவும் காத்திருக்காது. அன்றைக்குக் கையில் பணம் இல்லையென்றால் உரக்கடையில் கடன் சொல்லி, அறுப்பில் அதற்கும் சேர்த்துக் கொடுப்பீர்கள். இன்னொரு வழி உண்டு. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவு நகல்களோடு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். அந்தக் கடன் கணக்கில் ஏறிய பிறகு, குறுவைக்கு வைத்த 28,000ஐ எடுத்து நகையை மீட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏறிய பிறகு, ஏறும் என்ற நம்பிக்கையில் அல்ல.

இனி அந்த முதல் நாள் சாயங்காலம். உங்களைக் குறை சொல்லவில்லை. கையில் சிரப்பு, மேசையில் டிக்கெட், பெரியவள் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நானும் ஏறியிருப்பேன். ஆனாலும் அந்த 20,100 அன்றைக்குக் கணக்கிலேயே வரக் கூடாத பணம். நாற்றங்காலில் நாற்று அழுகிவிட்டால், விதைக்குக் கொடுத்த காசை நினைத்து அழுகிய நாற்றை நடுகிறோமா? போனாலும் போகாவிட்டாலும் அது செலவான பணம். இனிமேல் ஆகப்போவது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டிலேயே இருந்திருந்தாலும் பையனைச் சேர்க்க வேண்டி வந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கார் வாடகை 9,000 இருந்திருக்காது. தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு உங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம்.

அதோடு அந்த 20,100ம் முழுதாகப் போயிருக்காது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் நேரத்தைப் பொறுத்துப் பிடித்தம் போக மீதி வரும். தட்கல் உறுதியான டிக்கெட்டுக்குத்தான் ஒன்றும் வராது. ரூமைப் பொறுத்தவரை, 'நான்-ரீஃபண்டபிள்' (பணம் திரும்ப வராது) என்று ஆப்பில் இருந்தாலும் நேராக லாட்ஜுக்கே போன் போட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், தேதியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் பல இடங்களில் இறங்கி வருகிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டால்தான் முகம் மாறும்.

தேதி மாற்றுவதில் ஒரு சங்கதி. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் கொடைக்கானலுக்குப் பெட்டி கட்டிய அன்று மகளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகியதோடு பயணம் நின்றது. லாட்ஜ்காரர் நல்ல மனிதர், எந்தத் தேதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் புத்திசாலித்தனமாகப் பதினைந்து நாள் தள்ளிக் கேட்டேன். மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கொப்புளமெல்லாம் காய்ந்து, பெட்டியை மறுபடி எடுத்து வைத்த அன்று மகனுக்கு முதுகில் மூன்று கொப்புளம். அம்மை ஒருவரிடமிருந்து தொற்றி அடுத்தவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும் என்பதை அப்புறம்தான் டாக்டர் சொன்னார். இரண்டாவது முறை லாட்ஜ்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால், ஒன்றுக்கு ஒட்டுவது மற்றதற்கும் வரும் என்று வைத்துத்தான் புதுத் தேதி குறிக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், லாட்ஜ்காரரிடம் அல்ல.

டிராவல் இன்சூரன்ஸ் பற்றி: இருபதாயிரம் ரூபாய் ஊட்டிப் பயணத்துக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை. உள்நாட்டுப் பாலிசிகளில் நோயால் பயணம் ரத்தானால் பணம் தருவதும் உண்டு, ஆனால் எந்த நிலையில் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். ரயில் டிக்கெட்டோடு 45 பைசாவுக்கு வருவது ரயில் விபத்துக்கு மட்டும், காய்ச்சலுக்கு அல்ல. சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போவதானால் கதை வேறு. அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் நம் ஒரு போக விளைச்சல் போய்விடும், கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பயணத்துக்கு, ரத்து செய்யக்கூடிய ரூமைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு எடுப்பதே நல்ல இன்சூரன்ஸ். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் கூடுதலை வீண்செலவாக நினைக்காதீர்கள். ஹெல்த் பாலிசியை விட்டுவிடாமல் புதுப்பியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கிளம்பும் முன் அட்டையைப் போனில் படம் எடுத்து உங்களிடமும் அவரிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 2,000ஐ நிறுத்தாதீர்கள். முடிந்தால் 2,500 ஆக்குங்கள். சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கைப் பயணத்திலேயே தொடாமல் தனியாக வையுங்கள். டாக்டர், திடீர்க் கார், ரத்துப் பிடித்தம் எல்லாம் அதில்தான். திரும்பி வரும் வழியில் மீதி இருக்கிறதே என்று சாக்லேட் கடையில் நுழையக் கூடாது. உங்கள் தையல் காசில் சேர்த்த சிறுவாடு இருந்தால் அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

மாமியார் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். எங்கேயும் போகாமல் இருக்க வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். தரங்கம்பாடியில் 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் உங்கள் டாக்டரிடம் வந்துவிடலாம். மாமியாரையும் கூட்டிப்போங்கள், நல்ல நேரம் அவரே பார்த்துச் சொல்லட்டும். ஆனால் இன்றைக்கு முதல் வேலை பாலிசி அட்டையைத் தேடி எடுப்பது. டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.