மூளையில் கால்சியம் படிவது ஏன்?

கேள்வி: கீழே விழுந்த என் தாயாருக்கு (வயது 68) எடுத்த சி.டி. ஸ்கேனில், மூளையின் பேசல் கேங்க்லியா (உடல் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் ஆழ்பகுதி) என்ற இடத்தில் கால்சியம் படிந்திருப்பது தெரியவந்தது. நோய் எதிர்ப்பு மண்டலமே இதற்குக் காரணமாகலாம் என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா? பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்த வேண்டாம். உணவிலுள்ள கால்சியம் இப்படி மூளையில் போய்ப் படிவதில்லை. தாயாரின் எலும்புகளுக்கோ அது அவசியம். முதுமையில் வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனில் சிறிய அளவில் தென்படும் படிவு பெரும்பாலும் தீங்கற்றதே. ஆயினும், இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் (கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரந்து, இரத்தக் கால்சியத்தைச் சீராக வைப்பது) அளவுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாராதைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு.

உறவினர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் அது அரிய நோய்களிலிருந்து கிடைத்தது. 1984-இல் பிரான்ஸில் ழான் ஐக்கார்டி, ஃபிரான்சுவாஸ் கூட்டியேர் ஆகிய இரு மருத்துவர்கள், மூளையில் கால்சியம் படிந்த சில குழந்தைகளைப் பற்றி எழுதினர். கருவிலேயே வைரஸ் தாக்கியதைப் போன்ற தோற்றம் இருந்தும், அப்படியொரு தொற்று அக்குழந்தைகளிடம் இல்லை. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் இந்நோயில் மிகுந்திருப்பது பின்னர் தெரிந்தது. ட்ரெக்ஸ்-1 போன்ற மரபணுக்கள் பழுதடையும்போது, செல்லுக்குள் மிஞ்சும் சொந்த டி.என்.ஏ. துணுக்குகள் அகற்றப்படாமல் தங்கிவிட, அவற்றை வைரஸ் என்று எண்ணி உடல் ஓயாமல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அந்த அழற்சியில் மூளையின் நுண் இரத்தக் குழாய்கள் சேதமடைவதே கால்சியம் படியக் காரணம் என்று கருதப்படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு கண்டுபிடிப்புதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. நுண் குழாய்களில் கால்சியம் படியும் எலிகளை ஆராய்ந்த ஜூரிச் ஆய்வாளர்கள், மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவை நீக்கியதும் படிவு அதிகரித்ததை 2021-இல் வெளியிட்டனர். அதாவது, அச்செல்கள் படிவைக் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. அச்செல்களின் ட்ரெம்-2 என்ற ஏற்பி (செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞைகளை வாங்கும் புரதம்) பழுதான, நாசு-ஹகோலா என்ற அரிய பரம்பரை நோயாளிகளிடமும் பேசல் கேங்க்லியாவில் படிவு காணப்படுவது இதற்குப் பொருந்தி வருகிறது. ஆகவே, எதிர்ப்பாற்றலைக் கூட்டும் அல்லது குறைக்கும் மருந்து எதையும் இந்த ஸ்கேனை மட்டும் காரணமாகக் காட்டித் தாயாருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் ஏன் விழுந்தார் என்பதை விசாரிப்பதே இப்போது அவசரம். நடையில் தள்ளாட்டம், கை நடுக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, உடன்பிறந்தவர்களுக்கும் இதே படிவு இருந்தாலோ, நரம்பியல் மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். பரம்பரையாக வரும் வகையும் உண்டு.