ஸ்காட்லாந்து விடுதலைப் போரில் பிரபுக்கள் எல்லோரும் துரோகிகளா? வாலஸ் தனி ஆளாகத்தான் போராடினாரா?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "வில்லியம் வாலஸ் என்ற சாமானியர் மக்களைத் திரட்டிப் போராடினார், பிரபுக்கள் பணத்துக்கும் நிலத்துக்கும் ஆசைப்பட்டு அவரைக் கைவிட்டார்கள், பிறகு ராபர்ட் புரூஸ் வந்து வேலையை முடித்தார். இவ்வளவுதானா?"

இவ்வளவு இல்லை. 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' (Braveheart) என்ற ஹாலிவுட் படம்தான் இந்தக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியது. அதில் வரும் ஸ்டர்லிங் பாலப் போர் நடந்த ஆண்டு 1297. அந்த 1297இன் கதையில் பாதிக்கு உரியவர் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. பெயர் ஆண்ட்ரூ மோரே. படத்தில் அவர் கிடையாது. ஸ்டர்லிங் பாலப் போரைக் காட்டும் காட்சியில் பாலமே கிடையாது என்பதால் அதில் பெரிய ஆச்சரியமும் இல்லை. ஆனால் வரலாற்றில் அவரை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும். எனக்கு இந்தக் காலகட்டத்தின் மேல் நீண்ட நாள் ஈடுபாடு உண்டு. அதில் யாருக்காவது நியாயம் கிடைக்க வேண்டும் என்று நான் நினைப்பது மோரேக்குத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1286இல் மூன்றாம் அலெக்சாண்டர் இறந்தார். அவருடைய பேத்தியும் 1290இல் இறந்துபோனதால் அரியணைக்கு நேரடி வாரிசு இல்லை. உரிமை கோரியவர்களுக்கு நடுவே தீர்ப்புச் சொல்ல வந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், 1292இல் ஜான் பேலியலை அரசராக்கினார். ஆக்கிவிட்டு அவரைத் தன் வேலைக்காரரைப் போல நடத்தினார். ஸ்காட்லாந்து 1295இல் பிரான்சோடு உடன்பாடு செய்துகொண்டது. அடுத்த ஆண்டே எட்வர்ட் படையோடு வந்து பெரிக் நகரைச் சூறையாடினார். 1296 ஏப்ரல் 27 அன்று டன்பாரில் ஸ்காட்டுப் படை உடைந்தது. ஆங்கிலேயர்கள் கலைந்து ஓடுகிறார்கள் என்று தப்பாக நினைத்து, உயரமான இடத்தை விட்டுவிட்டு இறங்கி ஓடியதுதான் தோல்விக்குக் காரணம். எதிரே நின்ற ஆங்கிலத் தளபதி சர்ரே பிரபு ஜான் டி வாரென். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பிடிபட்டவர்களில் ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். தகப்பனார் சர் ஆண்ட்ரூ மோரே, இன்வர்னெஸ் அருகே பெட்டி என்ற ஊரின் பிரபு, வடக்கு ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவரை லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அதே பெயர் கொண்ட மகனைச் செஸ்டர் கோட்டையில் அடைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மகன் எப்படியோ தப்பித்து, இங்கிலாந்தின் வடபகுதியையும் ஸ்காட்லாந்தின் முழு நீளத்தையும் கடந்து, இன்வர்னெஸுக்கு வடக்கே கடலோரத்தில் இருந்த தங்கள் அவோக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்பா எதிரியின் சிறையில் இருக்கிறார். போத்வெல் பிரபுவான பெரியப்பா வில்லியமும் இங்கிலாந்தில் எட்வர்டின் பிடியில். வடக்கே மோரே வட்டாரத்திலும் தெற்கே கிளைடு ஆற்றங்கரையிலும் அந்தக் குடும்பத்துக்கு இருந்த நிலங்கள் ஏராளம். அத்தனைக்கும் இவர்தான் வாரிசு. பேசாமல் மன்னிப்புக் கேட்டு விசுவாசப் பிரமாணம் செய்திருந்தால் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். 1296இல் அநேகமாக எல்லாப் பிரபுக்களும் செய்தது அதைத்தான். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனின் துணிச்சலைக் கொண்டாடுகிறோம், சரி. எல்லாவற்றையும், பெற்ற தகப்பனையும்கூட, பணயம் வைத்து எழுந்தவரை என்னவென்று சொல்வது?

1297 மே மாதம் அவோக்கில் அவர் கொடியை உயர்த்தினார். கூட வந்து சேர்ந்தவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் பில்ச்சே, இன்வர்னெஸ் நகரவாசி. பிரபு, நகரத்தார், குடியானவர் என்று எல்லாத் தரப்பும் கலந்த கூட்டம் அது. லோக் நெஸ் ஏரிக்கரை அர்க்கார்ட் கோட்டையின் ஆங்கிலத் தளபதி வில்லியம் ஃபிட்ஸ்வாரின், இன்வர்னெஸில் ஓர் ஆலோசனைக் கூட்டம் முடிந்து திரும்பும்போது மோரேயின் ஆட்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். அவர் தப்பிக் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தார். பிறகு கோட்டையையே முற்றுகையிட்டு இரவில் ஏறிப் பார்த்தார்கள், முடியவில்லை. கற்கோட்டையை உடைக்கும் பொறிகள் அவர்களிடம் இல்லை. இவ்வளவும் நமக்குத் தெரிவது ஃபிட்ஸ்வாரின் எட்வர்டுக்கு எழுதிய கடிதத்திலிருந்து. தீய எண்ணம் கொண்ட சிலர் அவோக்கில் மோரேயோடு சேர்ந்துவிட்டார்கள் என்ற பாணியில் போகிறது அது.

அர்க்கார்ட் அப்போது விழவில்லை. ஆனால் மோரே நிற்கவில்லை. அந்தக் கோடைக்குள் இன்வர்னெஸ், எல்ஜின், பான்ஃப் என்று வடக்கில் ஆங்கிலேயர் வைத்திருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. எட்வர்ட் பக்கம் நின்ற ரெஜினால்ட் செய்னின் டஃபஸ் மாளிகை எரிந்தது. 1305இல் அதைத் திரும்பக் கட்டுவதற்காக அவருக்கு 200 ஓக் மரங்களை எட்வர்ட் அனுமதித்த பதிவு இருக்கிறது. எவ்வளவு சேதம் என்று அதை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

எட்வர்ட் என்ன செய்தார்? ஸ்காட்டுப் பிரபுக்களையே மோரே மேல் ஏவினார். பக்கன் பிரபு ஜான் காமினும் அபர்டீன் ஆயர் ஹென்றி செய்னும் படையோடு வந்து ஸ்பே ஆற்றங்கரையில் மோரேயைச் சந்தித்தார்கள். சண்டை நடக்கவில்லை. சதுப்பும் காடுமாக இருந்த இடத்துக்குள் அவர் போய்விட்டார், குதிரைகளால் பின்தொடர முடியவில்லை என்று மன்னருக்கு எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் நிதிப் பொறுப்பை வைத்திருந்த ஆங்கில அதிகாரி ஹியூ கிரெசிங்ஹாம் இதை நம்பவில்லை. வடக்கே அந்தப் பிரபுக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது தெளிவாக இல்லை என்று சந்தேகப்பட்டார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. வெளிப்படையாக மோரேயோடு சேரத் துணிவில்லை, அவரைப் பிடித்துக் கொடுக்கவும் மனமில்லை. இவர்களைத் துரோகிகள் என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது.

தெற்கே அதே மே மாதம் வாலஸ் லானார்க் நகரில் ஆங்கில ஷெரிஃபைக் கொன்று கிளர்ச்சியைத் தொடங்கியிருந்தார். ஜூலையில் ஸ்காட்லாந்தின் பெரிய பிரபுக்கள் சிலர், இளம் ராபர்ட் புரூஸ் உட்பட, இர்வினில் சண்டையில்லாமல் சரணடைந்தார்கள். கேள்வி கேட்டவரின் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அது இர்வின்தான். அதற்குப் பிறகு களத்தில் மிச்சமிருந்த இரண்டு தலைமைகள் தெற்கே வாலஸ், வடக்கே மோரே. இருவரும் கோடை முடிவில் ஒன்று சேர்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்டர்லிங் வந்தார்கள்.

ஃபோர்த் ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம், இரண்டு குதிரைகள்தான் பக்கம் பக்கமாகப் போகலாம். தெற்குக் கரையில் ஆங்கிலப் படை. தலைமை, டன்பாரில் வென்ற அதே வாரென். ஸ்காட்லாந்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டும், இந்தக் குளிர் உடம்புக்கு ஆகாது என்று பெரும்பாலும் இங்கிலாந்திலேயே இருந்தவர். வடக்கே ஏபி கிரெய்க் என்ற குன்றுப் பக்கம் ஸ்காட்டுகள். பாலத்தைத் தாண்டினால் ஆற்று வளைவுக்குள் ஈரப்புல்வெளி, அதன் நடுவே ஒரு கரைப்பாதை.

செப்டம்பர் 11 காலையில் ஆங்கிலக் காலாட்படையின் ஒரு பகுதி பாலத்தைக் கடந்தது. வாரென் இன்னும் தூங்கி எழவில்லை என்று திருப்பி அழைத்தார்கள். அப்புறம் சமாதானம் பேச இரண்டு துறவிகளை அனுப்பினார்கள். பேச வரவில்லை, போரிட வந்திருக்கிறோம் என்று பதில் வந்தது. சர் ரிச்சர்ட் லண்டி என்ற ஸ்காட்டு வீரர், இர்வினில் ஆங்கிலேயர் பக்கம் போனவர், கொஞ்சம் தள்ளி ஆழமில்லாத துறை ஒன்று இருக்கிறது, குதிரைப்படையோடு அதில் இறங்கிப் பின்னால் போய்த் தாக்குகிறேன் என்றார். நல்ல யோசனை. கிரெசிங்ஹாம் மறுத்தார், இதை இழுத்தடித்து மன்னரின் பணத்தை மேலும் செலவழிக்கக் கூடாது என்றார். வாரென் பாலத்தையே தேர்ந்தெடுத்தார்.

மேலே நின்றவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களால் சமாளிக்கக்கூடிய அளவு ஆட்கள் கடந்ததும் இறங்கி வந்து பாலத்தின் வடமுனையைப் பிடித்தார்கள். இக்கரையில் மாட்டியவர்களுக்குத் திரும்ப வழியில்லை, அக்கரையில் இருந்தவர்களால் உதவிக்கு வரமுடியவில்லை. மார்மடியூக் ட்வெங் என்ற வீரர் வெட்டிக்கொண்டு திரும்பினார்; இன்னும் சிலர் நீந்தித் தப்பினார்கள். கிரெசிங்ஹாம் அங்கேயே இறந்தார். வாரென் பாலத்தை அழிக்கச் சொல்லிவிட்டுப் பெரிக்கை நோக்கிக் குதிரையில் விரைந்தார். மோரேக்குக் காயம்.

திட்டம் யாருடையது? எழுதி வைத்தவர் யாருமில்லை. ஆனால் டன்பாரில் அவசரப்பட்டு மேட்டை விட்டு இறங்கிய படையில் இருந்து, அதற்கு விலையாகச் சிறை கண்டவர் மோரே. ஸ்டர்லிங்கில் படை மேட்டில் அசையாமல் காத்திருந்ததில் அவருடைய அனுபவம் இருக்கிறது என்பது என் ஊகம். மாவீரர் ஒருவரின் மூளையில் உதித்தது என்று சொல்வதைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஊகம் வேண்டாம், ஆவணம் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. போர் முடிந்து ஒரு மாதத்தில், அக்டோபர் 11 அன்று, ஹேடிங்டனிலிருந்து ஜெர்மன் வணிக நகரங்களான லூபெக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் ஒரு கடிதம் போனது. ஸ்காட்லாந்து போரினால் ஆங்கிலேயர் பிடியிலிருந்து மீட்கப்பட்டுவிட்டது, உங்கள் வணிகர்கள் எங்கள் துறைமுகங்களுக்குப் பயமில்லாமல் வரலாம் என்பது செய்தி. இரத்தம் காயும் முன்பே வியாபாரத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். நாட்டை நடத்தத் தெரிந்தவர்களின் புத்தி அது. அனுப்பியவர்கள் "ஆண்ட்ரூ மோரே, வில்லியம் வாலஸ், ஸ்காட்லாந்துப் படையின் தலைவர்கள்". மோரேயின் பெயர்தான் முதலில். நவம்பர் 7 அன்று ஹெக்சாம் மடத்துக்குக் கொடுத்த பாதுகாப்புப் பத்திரத்திலும் இரண்டு பெயர்களும் உண்டு.

அதற்குப் பிறகு மோரேயின் பெயர் வரவில்லை. 1298 மார்ச் மாதப் பத்திரத்தில் வாலஸ் தனியாக, நாட்டின் காவலர் என்ற பதவியோடு இருக்கிறார். பாலத்தில் பட்ட காயத்தால் மோரே சில வாரங்களில் இறந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. 1300இல் பெரியப்பாவின் சொத்து விஷயமாகப் பெரிக்கில் நடந்த விசாரணையில், ஆண்ட்ரூ மன்னருக்கு எதிராக ஸ்டர்லிங்கில் கொல்லப்பட்டார், அவருக்கு இரண்டு வயதில் ஆண்ட்ரூ என்றே ஒரு மகன், மன்னரின் எதிரிகளுக்கு நடுவே மோரே வட்டாரத்தில் இருக்கிறான் என்று பதிவானது. லண்டன் கோபுரத்தில் இருந்த தகப்பனார் வெளியே வரவே இல்லை.

1298 ஜூலை 22, ஃபால்கர்க். வாலஸின் படை தோற்றது. பிரபுக்களின் குதிரைப்படை களத்தை விட்டுப் போனது. அன்று மோரே உயிரோடு இருந்திருந்தால்? சிறு நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையான வாலஸின் சொல்லுக்குக் கட்டுப்படாத பிரபுக்கள், தங்களில் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் கொஞ்சமாவது தயங்கியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். வாலஸ் தனி ஆளாகப் போராடினார் என்ற கதை மோரேயின் மரணத்துக்குப் பிறகுதான் உண்மையாகிறது. பாலத்துக்கு மேலே ஏபி கிரெய்க் குன்றில் 1869இல் கட்டி முடித்த நினைவுக் கோபுரத்துக்கும் வாலஸின் பெயர் மட்டும்தான். வாலஸுக்கு அது தகும். மோரேக்கும் தகும்.

அந்த இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மகன் ஆண்ட்ரூ வளர்ந்து ராபர்ட் புரூஸின் சகோதரி கிறிஸ்டினாவை மணந்தார். புரூஸ் இறந்து, பேலியலின் மகன் ஆங்கிலேய உதவியோடு மறுபடி அரியணையைப் பிடிக்க வந்தபோது, சிறுவன் அரசன் இரண்டாம் டேவிட்டுக்காக நாட்டின் காவலரானவர் இவர். அப்பாவைப் போலவே இவரும் பிடிபட்டார், மீண்டு வந்தார். 1335 நவம்பர் 30 அன்று கல்பிளீனில், ஆங்கிலேயர் பக்கம் நின்ற டேவிட் ஆஃப் ஸ்ட்ராத்போகி என்ற பிரபுவைத் தோற்கடித்துக் கொன்றார். ஸ்ட்ராத்போகி முற்றுகையிட்டிருந்த கில்ட்ரம்மி கோட்டையை உள்ளேயிருந்து காத்துக்கொண்டிருந்தவர் கிறிஸ்டினாதான்.

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் போத்வெல் கோட்டையை நான் பார்த்திருக்கிறேன். பிரம்மாண்டமான வட்டக் கோபுரம், அதில் ஒரு பாதி இல்லை. காலத்தால் இடிந்தது என்றுதான் பார்க்கிற யாரும் நினைப்பார்கள். 1337இல் ஆங்கிலேயரிடமிருந்து அதை மீட்ட மகன் ஆண்ட்ரூ, திரும்ப அவர்கள் கையில் சிக்கினால் பயன்படக் கூடாது என்று அந்தப் பாதியை இடித்துத் தள்ளினார். அது அவருடைய சொந்தக் குடும்பக் கோட்டை. அப்பாவின் பெரியப்பா வழியாக, அந்த அப்பாவுக்கு வந்து சேர வேண்டியிருந்த கோட்டை.

அடுத்த ஆண்டு, 1338இல், அவோக்கில் அவர் இறந்தார். இரண்டாம் டேவிட் பிரான்சிலிருந்து 1341இல் திரும்பி வந்தபோது அவர் கால் வைப்பதற்கு ஒரு ஸ்காட்லாந்து இருந்தது.