தேவாங்குக்கு நெல்லிக்காய் தேவையில்லை

கே: பரிணாமத்துக்கு ஆதாரம் என்றால் எல்லோரும் புதைபடிவ எலும்பையே காட்டுகிறார்கள். இன்று உயிரோடு இருப்பவற்றிடம் காட்ட ஏதும் உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. 2022-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கடவூர் காடுகளில் வாழும் தேவாங்கிலிருந்தே தொடங்கலாம்.

வைட்டமின் சி கிடைக்காவிட்டால் நமக்கு ஸ்கர்வி வரும். ஈறில் ரத்தம் கசியும், ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும். ஆட்டுக்கும் நாய்க்கும் எலிக்கும் அந்தக் கவலை இல்லை. குளுக்கோஸிலிருந்து கல்லீரலிலேயே வைட்டமினைச் செய்துகொள்கின்றன. நம் உடலில் அந்த வேலை கடைசிப் படியில் நின்றுவிடுகிறது. அந்தப் படிக்கான நொதியைத் தரவேண்டிய 'குலோ' மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. 8-ஆவது குரோமோசோமில், பல துண்டுகள் காணாமல்போய், உடைந்த ஓடு போலக் கிடக்கிறது.

சிம்பன்சி, கொரில்லா, மந்தி, நம் தெருக்குரங்கு எல்லாவற்றுக்கும் இதே கதை. குரங்கின் உறவுகளில் தேவாங்கு இனமும் மடகாஸ்கர் தீவின் லெமூரும் மட்டும் வைட்டமினைத் தாமே செய்கின்றன. இவை ஈரமூக்குக் கூட்டம். குரங்குகளும் நாமும் உலர்மூக்குக் கூட்டம். டார்சியர் என்ற சிறு விலங்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் வெகுகாலம் இழுபறி. மூக்கைப் பார்த்து 1918-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் போகாக் அதைக் குரங்குப் பக்கம் சேர்த்தார். பல பத்தாண்டுகள் கழித்து வைட்டமினைச் சோதித்தால், டார்சியராலும் அதைச் செய்ய முடியவில்லை! மூக்குக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? பொது மூதாதை ஒன்று இருந்ததைத் தவிர வேறொன்றுமில்லை. மரபணு பழுதானது ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிடுகிறார்கள்.

கே: கினிப்பன்றிக்கும் ஸ்கர்வி வருமே! அப்படியானால் அதுவும் நமக்குப் பங்காளியா?
– கல்லூரி மாணவி, மதுரை

நல்ல மடக்கு. வௌவால்களில் பலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரபணு உடைந்திருக்கிறது என்பதைவிட, எங்கே உடைந்திருக்கிறது என்பதே சாட்சி. கினிப்பன்றியிடம் தொலைந்த துண்டுகள் வேறு, நம்மிடம் தொலைந்தவை வேறு; அது தனியாக, வெகு பிற்காலத்தில் இழந்தது. மனிதனும் சிம்பன்சியுமோ ஒரே துண்டுகளை இழந்திருக்கிறார்கள். இரண்டு மாணவர்கள் ஒரே கணக்கைத் தப்பாகப் போடலாம். ஒரே வரியில் ஒரே தப்பு என்றால் ஆசிரியருக்குப் புரிந்துவிடும்.

'எலியிடமிருந்து மாறுபடும் சில டிஎன்ஏ எழுத்துகள் மனிதனிடமும் கினிப்பன்றியிடமும் ஒன்றாகவே இருக்கின்றனவே' என்று சிலர் மறுப்பார்கள். எலியை மட்டும் அளவுகோலாக வைப்பதால் வரும் பிசகு அது. எலி தன் பங்குக்கு மாறியிருக்கும் இடங்களில் மற்ற இருவரும் பழைய எழுத்தையே வைத்திருப்பார்கள். மாடு, நாய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்களே பார்க்கலாம். அமெரிக்க அரசின் என்சிபிஐ தளத்தில் எலியின் குலோ எம்ஆர்என்ஏ வரிசையை (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்; புரதத்துக்கான பகுதி 1,320 எழுத்துச் சொச்சம்) எடுத்து, 'பிளாஸ்ட்' கருவியில் மனித மரபணுத்தொகுதியோடு ஒப்பிடுங்கள். கருவி தானாக 'மெகாபிளாஸ்ட்' முறையில்தான் நிற்கும். மிக நெருங்கிய வரிசைகளுக்கான முறை அது. அப்படியே விட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். 'பிளாஸ்ட்என்' என்று மாற்றுங்கள். 8-ஆவது குரோமோசோமில் தனித்தனித் துண்டுகளாகப் பொருத்தம் வரும். ஒரு துண்டு ஏறக்குறைய ஓர் எக்ஸான், அதாவது மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள ஒரு பகுதி. எந்த எழுத்திலிருந்து எதுவரை பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டே போனால், நடுவில் விழும் ஓட்டைகள்தான் தொலைந்த எக்ஸான்கள். பிறகு இதையே சிம்பன்சிக்குச் செய்து, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

கே: இவ்வளவு அவசியமான மரபணுவை இழந்த இனம் எப்படிப் பிழைத்தது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பழமும் இலையும் தின்றுகொண்டிருந்த கூட்டம் அது என்று கருதுகிறார்கள். தட்டிலேயே வைட்டமின் இருந்ததால் மரபணு பழுதானது யாருக்கும் உறைக்கவில்லை. மாதக்கணக்கில் உலர்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்று கப்பலோட்டியபோதுதான் உறைத்தது.